கட்டிலுக்குக் கீழே கேக் சாடி

மூட்டுவலித் தைலத்தின் பெயரை ஆளுக்காள் கேட்டு வாங்கிக்கொள்ளும் வயதுக்கு நாம் வந்துவிட்டோம். ஆகவே கூப்பன் சீனி என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தலைக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுத்த காலம் அது. அந்தச் சீனியைப் பற்றியும், ஒரு பீங்கான் சாடியைப் பற்றியும், என் அப்பா குடியை விடப் பார்த்த ஒரு மழைக்காலத்தைப் பற்றியும் எழுத வேண்டும் போலிருக்கிறது. காரணம் இருக்கிறது.

போன கிழமை, வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் மாடிக் கட்டடத்தின் லிஃப்டில், மேல்மாடி அக்கா கேட்டார்.

"மகன் டுபாயில எப்பிடி இருக்கிறார்?"

"நல்லா இருக்கிறான் அக்கா."

மகன் டுபாயில் இல்லை. நுகேகொடைக்கு அப்பால், குடியிலிருந்து மீள வருகிறவர்களுக்கான ஒரு விடுதியில் இருக்கிறான். சனிக்கிழமைகளில் அங்கே வீட்டாருக்கும் கூட்டம் உண்டு. பிளாஸ்டிக் கதிரைகளில் வட்டமாக உட்கார்ந்திருப்போம். நடத்துகிற பெண்ணுக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். முதல் நாளே அவள் கேட்டாள்: "அவர் திரும்பி வரேக்குள்ள வீடு எப்பிடி இருக்கும்?" ஒவ்வொருவரும் போத்தல்களை எறிந்துவிட்டதைப் பெருமையாகச் சொன்னார்கள். நான் என் முறையை அடுத்தவருக்கு விட்டேன். எறிகிற விடயத்தில் எங்கள் வீட்டாரை மிஞ்ச ஆளில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. கொட்டாஞ்சேனையில், கோயில் மணி கேட்கும் தூரத்தில், ஓர் ஒடுக்கமான ஒழுங்கைக்குள் எங்கள் வீடு. முன்னறை, படுக்கையறை, குசினி, பின்னால் ஒரு சின்ன முற்றமும் அழுக்குத் தண்ணீர் ஓடும் கானும். கப்பல் ஊதினால் சுவரில் சாய்த்து வைத்த தட்டுகள் அதிரும். அப்பா துறைமுகத்தில் கிளார்க். கப்பலில் இருந்து இறங்கும் மூட்டைகளைக் குறித்துக்கொள்வதுதான் வேலை. ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமான பென்சில் ஒன்று எப்போதும் காதில் இருக்கும். அந்தப் பென்சிலுக்கு நான் எவ்வளவு கெஞ்சியிருக்கிறேன். இப்போது எந்தக் கடையில் கேட்டாலும் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

அப்பா கெட்ட மனிதர் இல்லை. அடித்ததில்லை, சத்தம் போட்டதில்லை. குடித்தால் வாசலில் உட்கார்ந்து அழுவார். அதுதான் அம்மாவுக்குப் பொறுக்காது. அடித்தால் கதவைச் சாத்திக்கொள்ளலாம், அழுகிற மனிதனை ஒழுங்கை முழுக்கப் பார்க்கும்.

அந்த வருடம் அப்பா குடிவெறியில் கப்பலுக்கும் துறைக்கும் இடையில் தண்ணீரில் விழுந்தார். கயிறு போட்டு இழுத்து எடுத்தார்கள். இன்னொரு முறை இப்படி நடந்தால் வேலை இல்லை என்று கந்தோரில் சொல்லிவிட்டார்கள். கோயில் சுவாமி அப்பாவைப் பீடத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய், பாலன் இயேசு பிறக்கும் நத்தார் வரைக்கும் தொடுவதில்லை என்று வேதப்புத்தகத்தில் கை வைக்கச் செய்தார். அந்த நாளில் அதுதான் எங்கள் சனத்துக்குத் தெரிந்த வைத்தியம். வேர்வையில் சட்டை ஒட்ட, அப்பா முழங்காலில் நின்றதை நான் முன்வாங்கில் இருந்து பார்த்தேன்.

மாமா அங்கேயே தன் பங்கைச் சொன்னார். மாமா என்றால் அம்மாவின் அண்ணா. வெள்ளவத்தையில் இருந்தார், அரசாங்கக் கந்தோரில் பெரிய கிளார்க். சட்டைப் பையில் இரண்டு பேனையும், எல்லாவற்றுக்கும் ஒரு முடிவும் வைத்திருப்பவர்.

"மச்சான், இன்னொருக்கா வாயில பட்டுதெண்டால், தங்கச்சியையும் பிள்ளையையும் நான் கூட்டிக்கொண்டு போயிடுவன். பிறகு நீர் அந்தப் பக்கம் வரத் தேவையில்லை."

"ஓம்," என்றார் அப்பா.

அன்று பின்னேரமே மாமா எங்கள் வீட்டைச் சோதனை போட்டார். போத்தல் என்று ஒன்றும் வீட்டில் இருக்கக்கூடாது என்பது அவர் சட்டம். அம்மா தலையிடிக்குத் தடவும் ஓடிக்கொலோன் போனது. எனக்கு இருமலுக்குக் கொடுக்கும் மருந்து போனது. வினாகிரி சட்டிக்கு மாறியது. ஓடிக்கொலோன் போத்தலின் நீல லேபலை மட்டும் நான் உரித்து வைத்துக்கொண்டேன், அது வாசத்தோடு கொஞ்சக் காலம் என் கொப்பிக்குள் இருந்தது.

ஊருக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டுமே. அப்பா திடீரென்று மெலிகிறார், கை நடுங்குகிறது, கூட்டாளிகளோடு போவதில்லை. அம்மாவும் மாமாவும் யோசித்து, சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்று சொல்லிவிட்டார்கள். மரியாதையான வருத்தம். கந்தோர்க்காரருக்கும் வரும், சுவாமிமாருக்கும் வரும். ஆனால் சொன்ன பொய்யைக் காப்பாற்றவும் வேண்டுமல்லவா? அன்றிலிருந்து அப்பாவுக்குச் சீனி இல்லாத தேத்தண்ணி. அவர் பங்குக் கூப்பன் சீனியை அம்மா நத்தார் கேக்குக்கு என்று தனி டின்னில் சேர்த்தார். முகத்தைச் சுழித்துக்கொண்டு அந்தக் கசப்பை அப்பா குடிப்பதைப் பார்த்து எதிர்வீட்டு அன்ரி உச்சுக்கொட்டுவார்.

குடியை விடுகிறவர்களுக்கு இனிப்பில் ஆசை வரும், மறிக்காதீர்கள், கையில் டொபி கொடுத்து வையுங்கள் என்று அந்தக் கூட்டத்துப் பெண் எங்களுக்குச் சொன்னாள். அதைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். நான் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

எனக்கும் அந்த வீட்டில் ஓர் உத்தியோகம் கிடைத்தது. எங்கள் பேச்சில் கொஞ்சுவது என்றால் முத்தமிடுவது, உங்களுக்குத் தெரியும். அப்பா வேலையால் வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மா குசினியில் இருந்து சொல்வார்: "பிள்ளை, அப்பாவைக் கொஞ்சு." நான் ஓடிப்போய்க் கொஞ்ச வேண்டும். பிறகு குசினிக்கு வந்து தலையை ஆட்ட வேண்டும். மணம் இல்லை என்றால் இடம் வலமாக. அம்மா அதுவரை மூச்சுவிட மாட்டார். அகப்பை கையில் அப்படியே நிற்கும்.

முதல் சில நாள் அப்பாவுக்கு விளங்கவில்லை, மகளுக்குத் திடீரென்று பாசம் கூடிவிட்டது என்று சந்தோசப்பட்டார். பிறகு விளங்கிவிட்டது. ஒரு நாள் நான் ஓடி வந்தபோது குனிந்து, வாயை நன்றாகத் திறந்து, என் முகத்துக்கு நேரே "ஹா" என்று ஊதினார். தேத்தண்ணியும் பீடியும் மணத்தது.

"சரியே பிள்ளை? போய்ச் சொல்லு."

கோபம் இல்லாமல்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு கன்னத்தைக் காட்டுவதை விட்டுவிட்டார். நாளும் குனிவார், ஊதுவார், நிமிர்வார். கொஞ்சுவது எங்கள் வீட்டில் அப்படி முடிந்துபோனது.

இப்படியே மழை தொடங்கி, நத்தாரும் கிட்டியது. நத்தார் கேக்குக்குப் பழங்களை முன்கூட்டியே வெட்டிப் பிராண்டியில் ஊறப்போட வேண்டும். கப்பல் பழங்கள் கிடைக்காத காலம், பாகில் போட்ட பூசணித் தோசி, இஞ்சிப்பாகு, காய்ந்த அன்னாசி, கஜுப்பருப்பு என்று அம்மா தேடிச் சேர்த்திருந்தார். ஊறுகிற சாடி குளிர்ச்சியான இருட்டில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி ஓரிடம்தான் உண்டு, கட்டிலுக்குக் கீழே, டிரங்குப் பெட்டிக்குப் பின்னால். வருடா வருடம் சாடி இருப்பது அங்கேதான். கட்டிலில் படுப்பது அப்பா.

பிராண்டியை யார் வாங்கி வந்தார்கள் என்கிறீர்கள்? மாமாதான். அப்பா வேலைக்குப் போன நேரம் பார்த்து, கந்தோர்க் கடுதாசிகளுக்கு நடுவில் மறைத்துக்கொண்டு வந்து, தன் கையாலேயே சாடிக்குள் ஊற்றினார். வெறும் போத்தலைத் திருப்பிக் கொண்டுபோனார், சட்டம் சட்டம்தானே. இருமல் மருந்தைக் கானில் ஊற்றிய அதே மனிதர். அம்மாவுக்கும் அதில் ஒன்றும் தோன்றவில்லை. ஏனென்றால் அது குடி இல்லை, கேக் சாமான்.

அப்பா ஒரு நாள் சாப்பிடும்போது மெல்லக் கேட்டார்.

"இந்தமுறை கேக் வேண்டாமே?"

"ஏன், செலவைப் பாக்கிறியளோ?"

"செலவில்லை. வேண்டாம் எண்டு பாத்தன்."

"அயல்வீடுகளுக்குக் கேக் தட்டுப் போகாட்டி இந்த ஒழுங்கையில சனம் என்ன கதைக்கும்? வீட்டில ஏதோ நடந்திட்டுது எண்டு விளங்கிப்போடும். நீங்கள் பேசாமல் சாப்பிடுங்கோ."

அவர் பேசாமல் சாப்பிட்டார். அம்மா கிழமைக்கு ஒரு தடவை சாடியை இழுத்து, மூடியைக் கழற்றி, மரக்கரண்டியால் கிளறி, திரும்பத் தள்ளிவிடுவார். அன்றைக்கு அறை முழுவதும் இனிப்பும் காரமுமாக மணக்கும். எனக்கு அந்த மணம் நத்தார். அப்பா அந்த இரவுகளில் முன்னறைச் சீமெந்தில் பாய் போட்டுப் படுத்தார். வெக்கை என்றார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை நவநாள் செபத்துக்கு மாமாவும் வெள்ளவத்தையில் இருந்து எங்கள் கோயிலுக்கு வருவார். முடிந்ததும் அம்மாவோடு வீட்டுக்கு வந்து அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். அப்படி ஒரு செவ்வாய். அம்மா கோயிலில். கப்பல் வேலை இல்லாமல் அப்பா நேரத்தோடு வந்துவிட்டார். நான் முன்னறையில் கணக்குச் செய்துகொண்டிருந்தேன். அப்பா குனிந்து ஊதவில்லை. நேரே படுக்கையறைக்குப் போனார். சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். டிரங்குப் பெட்டி வெளியே கிடந்தது. சாடி அறையின் நடுவில் இருந்தது, மூடி மூடியபடி. அப்பா அதற்கு எதிரே, சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்திருந்தார். முகம் முழுக்க வேர்வை.

"பிள்ளை, இஞ்ச வா."

போனேன்.

"இதைத் தூக்கிக்கொண்டு போய்க் கானில ஊத்து."

"அம்மா ஏசுவா."

"நான் சொல்லிக்கொள்ளுறன். இழுத்து வெளியில எடுத்திட்டன், இனித் தொட்டால் மூடி திறந்திடும். நான் தொடேலாது. நீ தூக்கு."

அவர் எழுந்து, என்னையும் சாடியையும் பார்க்காமல், முன்வாசலுக்குப் போய் நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒழுங்கையைப் பார்த்தபடி நின்றார். நான் சாடியை வயிற்றோடு அணைத்துத் தூக்கினேன். பாரம் தாங்க முடியவில்லை. குசினியைத் தாண்டினேன். பின்படியில் கால் வழுக்கியது.

சாடி உடைந்த சத்தத்துக்கு அப்பா ஓடி வந்தார். என்னைத் தூக்கிக் குந்துத் திண்ணையில் இருத்தி, பாதத்தில் சாடி ஓடு குத்தியிருக்கிறதா என்று விரல் விரலாகப் பார்த்தார். என் சட்டை, அவர் சாரம், கைகள், படி, எல்லாம் பிராண்டி. வெட்டிய பழமெல்லாம் முற்றத்தில் சிதறிக் கிடந்தது. எனக்குக் காயம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அவர் தன் கைகளைக் கவனித்தார்.

விரல்களில் இருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கைகளை உடம்பில் படாமல் தூரமாக நீட்டிப் பிடித்துக்கொண்டு அப்பா அவற்றையே பார்த்தார். நான் அவர் வாயைப் பார்த்தேன். எனக்கு அழக்கூடப் பயமாக இருந்தது.

"தண்ணி ஊத்து," என்றார்.

வாளியில் அள்ளி ஊற்றினேன்.

"இன்னும் ஊத்து."

வாளி முடியும் வரைக்கும் ஊற்றினேன். அவர் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். கழுவிக்கொண்டே அழுதார். வெறி இல்லாமல் அப்பா அழுததை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

அம்மாவும் மாமாவும் வந்தது அப்போதுதான். வாசலிலேயே மணம் அவர்களை மறித்திருக்கும். மாமா பின்படியில் நின்று பார்த்தார். சிவந்த கண், நனைந்த சாரம், உடைந்த சாடி.

"முடிஞ்சுது," என்றார். "பெட்டியை எடு தங்கச்சி."

"அப்பா குடிக்கேல்லை மாமா. நான்தான் உடைச்சனான்," என்றேன்.

"பிள்ளையையும் பொய் சொல்லப் பழக்கிப்போட்டார்."

யோசித்துப் பாருங்கள். அவ்வளவு நாளும் அந்த வீட்டில் என் மூக்குத்தான் நீதவான். நான் தலையை ஆட்டினால்தான் சோறு இறங்கும். அன்றைக்கு மட்டும் என் சொல் எடுபடவில்லை.

அப்பா மாமாவோடு வாதாடவில்லை. அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

"நீ கிட்ட வந்து பார். ஒருக்கா வந்து மணந்து பார்."

அம்மா ஓரடி எடுத்து வைத்தார். பிறகு மாமாவைத் திரும்பிப் பார்த்தார். அண்ணாவுக்கு முன்னால் புருசனின் முகத்துக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோகிற பழக்கம் எங்கள் பெண்களுக்கு இருந்ததா, சொல்லுங்கள்? அம்மா நின்ற இடத்தில் நின்றார். மாமா டாக்சி பிடிக்கப் போனார். நனைந்த சட்டையோடு என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். அப்பா வாசலில் நின்றதை டாக்சிக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். கைகளை இன்னும் தூரமாகத்தான் நீட்டிப் பிடித்திருந்தார்.

வெள்ளவத்தையில் மாமா வீட்டுக் கிணற்றடியில் அம்மா எனக்குத் தண்ணீர் வார்த்தார். என் சட்டையை மூக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, என்ன நடந்தது என்று அப்போதுதான் கேட்டார். நான் சொன்னேன்.

"கையில பட்ட பிறகு அப்பா என்ன செய்தவர்?"

"தண்ணி ஊத்தச் சொன்னவர். பிறகும் பிறகும் ஊத்தச் சொன்னவர்."

அம்மா சட்டையைப் பிழியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்துவிட்டார். கேக் வேண்டாமே என்று அப்பா கேட்டதை அவர் அப்போது நினைத்திருப்பார் என்று நான் நினைக்கிறேன். எனக்குச் சாப்பாடு தந்தார், தான் சாப்பிடவில்லை.

விடிந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். மாமா வாசலில் மறித்தார்.

"இப்ப போனால் பிறகு இஞ்ச வரக்கூடாது. அவர் ராத்திரி எவ்வளவு குடிச்சுக் கிடக்கிறாரோ ஆருக்குத் தெரியும்?"

"அண்ணா, அந்தப் பிராண்டியை வீட்டுக்குள்ள கொண்டு வந்தது ஆர்?"

மாமா வழிவிட்டார்.

கோட்டை ஸ்டேஷன் வரைக்கும் கோச்சியில் வந்தோம். செபமாலை அம்மாவின் கையில் இருந்தது, உருளவில்லை. எனக்கும் பயம்தான். அவரைத் தனியே விட்டு வந்திருக்கிறோம். ஒழுங்கைக்கு அடுத்த சந்தியிலேயே சாராயத் தவறணை இருக்கிறது.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அப்பா முன்னறை மேசையில் உட்கார்ந்திருந்தார், அதே சாரத்தோடு. முன்னால் கேக்குக்குச் சேர்த்த சீனி டின். மூடி ஒரு பக்கம், கரண்டி ஒரு பக்கம். டின் வெறுமை. எங்களைக் கண்டதும் பிடிபட்ட திருடன் மாதிரி எழுந்து நின்றார்.

"சீனியை முடிச்சிட்டன்," என்றார். "கேக்குக்கு வைச்சது. வேற ஒண்டும் தெரியேல்லை. முழுக்கத் திண்டு முடிச்சிட்டன்."

அம்மா செருப்பைக் கூடக் கழற்றாமல் கிட்டப் போனார். நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், கதவு திறந்து கிடக்கிறது, ஒழுங்கையில் ஆட்கள் போகிறார்கள். அப்பா பழக்கத்தில் குனிந்து ஊத வாயைத் திறந்தார். அம்மா அவர் வாயைக் கையால் பொத்திவிட்டுக் கன்னத்தில் கொஞ்சினார். அவருடைய தாடி மயிரிலும் சீனி ஒட்டியிருந்தது.

பிறகு அம்மா ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"அக்கா, கொஞ்சம் சீனி தருவியளோ? அவருக்குத் தேத்தண்ணி போட."

"அவருக்குச் சீனி வருத்தமெல்லோ?" என்றார் அன்ரி.

"இல்லை அக்கா. அது நான் சொன்ன பொய். அவர் குடியை விடப் பாக்கிறார். ராத்திரி எங்கட வீட்டில இருந்த சீனி முழுக்க முடிஞ்சுது."

அது கூப்பன் காலம், அவர் வீட்டில் நான்கு பிள்ளைகள். அன்ரி உள்ளே போய்க் கோப்பையைக் குவித்துக்கொண்டு வந்தார். வரும் வழியில் சிந்தாமல் இருக்க நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன்.

அந்த நத்தாருக்கு எங்கள் வீட்டில் கேக் இல்லை. அம்மா தட்டுகளில் வாழைப்பழம் வைத்து அனுப்பினார். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது, சில தட்டுகளில் சீனி வந்தது, சில தட்டுகளோடு கதையும் வந்தது. அப்பா அதற்குப் பிறகு தொடவே இல்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். இரண்டு முறை தவறினார். ஆனால் அம்மா அதன்பிறகு என்னை மணந்து பார்க்க அனுப்பியதில்லை. அப்பாவிடமே கேட்டார், அப்பாவும் உள்ளதைச் சொன்னார். கடைசிப் பதினைந்து வருடமும் சீனி போட்ட தேத்தண்ணியோடு வாழ்ந்து போய்ச் சேர்ந்தார்.

நேற்று லிஃப்டில் மேல்மாடி அக்கா திரும்பவும் கேட்டார்.

"மகன் நத்தாருக்கு டுபாயில இருந்து வாறாரோ?"

லிஃப்ட் எங்கள் மாடிக்கு வந்து கதவு திறந்தது. நான் இறங்கவில்லை.

"அவன் டுபாயில இல்லை அக்கா. குடிக்கு வைத்தியத்தில இருக்கிறான். சனிக்கிழமை வீட்டுக்கு வாறான்."

கதவு மூடிக்கொண்டது, நானும் அவரோடு மேலே போனேன். அவர் இறங்கும்போது கதவைக் கையால் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"பிள்ளைக்கு நான் ஏதும் செய்து தரவோ?"

"இனிப்பா ஏதும் செய்து தாங்கோ அக்கா," என்றேன்.